வேலை முடிந்த வீட்டில் நாங்கள் இருந்ததில்லை

என் அண்ணி எந்த வீட்டையும் உள்ளே போய்ப் பார்த்து வாங்கியதில்லை. தக்காளி வாங்கும்போதே நாலு தரம் புரட்டிப் பார்க்கிற உலகத்தில் இப்படியும் ஒருத்தியா என்று கேட்பார்கள். என்ன செய்வது, அவள் வாங்குகிற வீடுகள் அப்படி. கடன் கட்ட முடியாமல் போனவர்களின் வீட்டை வங்கி எடுத்துப் பூட்டி ஏலத்தில் விடும். அந்த அறிவிப்பில் ‘உள்ளது உள்ளபடி’ என்று போட்டிருக்கும். உள்ளே கூரை இருக்கிறதா, தரை இருக்கிறதா என்று நாம் கேட்கக் கூடாது, அவர்களும் சொல்லமாட்டார்கள். பணத்தைக் கட்டிய பிறகுதான் பூட்டைத் திறப்பார்கள்.

ஆகவே அண்ணி தெருவில் நின்றபடியே வீட்டைப் பார்த்து முடித்துவிடுவாள். சுவரில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, மழைநீர்க் குழாய் எங்கே உடைந்திருக்கிறது, மொட்டை மாடி விளிம்பில் செடி முளைத்திருக்கிறதா, சாக்கடை மூடியைச் சுற்றி மண் உள்வாங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இரண்டு நடை நடப்பாள். ஒருமுறை எதிர்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து சத்தம் போட்டாள்.

“யாரும்மா நீ? ரொம்ப நேரமா நோட்டம் விடறே?”

“வீடு வாங்கலாம்னு பாக்கறேங்க.”

“அது விக்கற வீடு இல்லையே!”

“அவங்க விக்கலைங்க. பேங்க் விக்குது.”

அந்த அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அந்த வீட்டை அண்ணி வாங்கினாள். இன்றைக்கு அதே அம்மாவின் தம்பிதான் அதில் வாடகைக்கு இருக்கிறான்.

நான் யார் என்று சொல்லவில்லையே. நான் நாத்தனார். நாத்தனார் அண்ணியைப் புகழ்ந்தால் யாரும் நம்பமாட்டார்கள், குறை சொன்னால் அது வழக்கம்தானே என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் எனக்கு நல்ல பெயர் கிடைக்கப் போவதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பார்கள். நான் கல்யாணம் பண்ணிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தேன். வந்த அன்றைக்கே அண்ணி என் கையில் சுரண்டுதகட்டைக் கொடுத்து, “அந்த ரூம் சுவத்துல பழைய பெயின்ட் உரிஞ்சு நிக்குது, சுரண்டிடு. மனசுக்கும் நல்லாருக்கும்” என்றாள். அழலாம் என்று வந்தவளுக்கு அழக்கூட நேரம் இல்லை. அன்றிலிருந்து சுரண்டுவது, பட்டி பார்ப்பது, வண்ணம் அடிப்பது எல்லாம் என் வேலை. பூச்சும் தரையும் அண்ணனுடையது. ஏலம், பேரம், சண்டை மூன்றும் அண்ணியுடையவை. மூன்றாவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அண்ணன் டைல்ஸ் போடுகிறவன். கட்டட வேலைக்காரர்கள் நடுவில் அவன் பெயர் ரசமட்டம். தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கிற, நடுவில் குமிழி ஓடும் அந்தக் கட்டைக்குத்தான் ரசமட்டம் என்று பெயர். மற்றவர்களுக்கு அந்தக் கட்டை வேண்டும். இவன் குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாலே போதும் என்பார்கள். வாயை மட்டும் திறக்கமாட்டான். எதைக் கேட்டாலும் “ம்” என்பான். சரி என்பதற்கும் ‘ம்’தான், வேண்டாம் என்பதற்கும் ‘ம்’தான். எது எந்த ‘ம்’ என்று தனக்குத் தெரியும் என்று அண்ணி பெருமை அடித்துக்கொள்வாள்.

அண்ணி முதலில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். வங்கிகளின் ஏல அறிவிப்புகளை அடிப்பதுதான் வேலை. யார், எந்த வீடு, எதற்காகக் கடன், எவ்வளவு பாக்கி என்று அடித்து அடித்து அவளுக்கு ஒரு முடிவு வந்துவிட்டது. “வீட்டு மேல ஆசை வெச்சவங்க வீடுதான் ஏலத்துக்கு வருது. இருக்க இடம் வேணும்னு கடன் வாங்கினவன் எப்படியோ கட்டிடறான். மாடி வேணும், பளிங்கு வேணும்னு அகலக் கால் வெச்சவன்தான் என் மேஜைக்கு வந்து சேர்றான்” என்பாள். ‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்று யாராவது ஆரம்பித்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “வளைக்குள்ள போய் எலி ஜம்முனு உக்காந்துக்கிச்சுன்னா அப்புறம் சோத்துக்கு எங்க போகும்?” என்று கேட்பாள்.

முதல் வீட்டை வாங்கியபோது, அதன் தவணையும் இருந்த வீட்டு வாடகையும் சேர்த்துக் கட்ட முடியவில்லை. அதனால் இடிந்து கிடந்த அந்த வீட்டுக்கே குடிபோய், இருந்துகொண்டே வேலை பார்த்தார்கள். முடிந்ததும் அதை வாடகைக்கு விட்டு, அந்த வாடகையை நம்பி அடுத்த இடிந்த வீட்டை வாங்கி, அதற்குக் குடிபோனார்கள். ஒருமுறை கஷ்டத்துக்குச் செய்தது அப்புறம் குடும்ப வழக்கமாகவே ஆகிவிட்டது.

எந்த அறை கடைசியாக உடைபடுமோ அதில்தான் கட்டில் போடுவோம். அதுவும் உடைபடும் நாள் வந்தால் கட்டில் கூடத்துக்கு வரும், மேலே பிளாஸ்டிக் விரிப்போடு. சமையல் சில நாள் மாடிப்படிக்குக் கீழே, சில நாள் வாசலில். குளியலறை முடியும்வரை வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போக வேண்டும். கடைசி அறையில் நான் கடைசிக் கோட் அடித்து, நாற்றம் போக ஜன்னலைத் திறந்து வைப்பேன். மறுநாள் வண்டி வந்து நிற்கும். குடிவருகிறவர்கள் புது வீட்டைச் சுற்றிப் பார்த்து ஆகா ஓகோ என்று சொல்லும்போது நாங்கள் இன்னொரு தெருவில், குழாய் இல்லாத, விளக்கு இல்லாத ஒரு வீட்டில் குப்பை பெருக்கிக்கொண்டிருப்போம்.

அண்ணனுக்கு ஒரே மகள், வெளியூரில் குடும்பமாக இருக்கிறாள். போன் பண்ணினால் முதல் கேள்வி “சாப்பிட்டீங்களா” இல்லை, “இப்போ எந்த வீடு?” என்பதுதான். ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் வந்தவள் பழைய வீட்டுக்குப் போய்விட்டாள். குடியிருந்தவர்கள் நல்லவர்கள். உட்கார வைத்து டீ கொடுத்து, தாங்கள் வாடகை அனுப்புகிற விலாசத்தைச் சொல்லியிருக்கிறார்கள். மகள் இங்கே வந்து அம்மாவைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டாள்.

“உங்க வீட்டு வாடகைக்காரங்கதான்மா உங்க வீட்டுல சொகுசா இருக்காங்க. நீங்க என்னமோ அவங்களுக்கு வேலைக்காரங்க மாதிரி இருக்கீங்க.”

“இதெல்லாம் எதுக்கு? வயசான காலத்துல யார்கிட்டயும் கையேந்தாம இருக்கத்தான். உன்கிட்டயும் சேர்த்துத்தான் சொல்றேன்” என்று அண்ணி வாயை அடைத்துவிட்டாள். அண்ணன் வழக்கம்போல் “ம்” என்றான்.

ஏழாவதாக வாங்கிய வீட்டின் பூட்டை வங்கிக்காரர் திறந்துவிட்டபோது உள்ளேயிருந்து எலிப்புழுக்கை நாற்றம் அடித்தது. விட்டுப் போனவர்கள் குழாய்களையும் சுவிட்சுகளையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அறைக் கதவுகளைக்கூட விடவில்லை. கோபம் இருக்காதா, பாவம். கூடத்தில் மழைநீர் இறங்கிச் சுவர் முழுக்கப் பூஞ்சை பூத்திருந்தது. அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவந்து, “மோசமில்லை” என்றாள். அவள் அகராதியில் அது பெரிய பாராட்டு.

ஆனால் அந்த வீட்டில் படியே கிடையாது. எல்லாம் தரைத்தளம். பின்பக்கம் கொஞ்சம் காலி இடம், அதில் பெயர் தெரியாத ஒரு மரம். காலையில் பின்வாசலில் இதமான வெயில் விழும். குடிவந்த மறுநாளே அண்ணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய் அங்கே போட்டான். டீயை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் சட்டென்று எழுந்திருக்கமாட்டான். இதற்கு முன் எந்த வீட்டிலும் அவன் இப்படி நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கேட்டேன்.

“என்னண்ணா, ஜமீன்தார் மாதிரி உக்காந்துட்டே?”

“வெயில் நல்லாருக்கு.”

அவனிடமிருந்து இரண்டு வார்த்தை வந்ததே அதிசயம்.

சமையல் மேடையையும் அவன் வழக்கத்தைவிட உயரமாகக் கட்டினான். அண்ணி நெட்டை. எல்லா வீட்டுச் சமையல் மேடையிலும் முதுகைக் கூன் போட்டுக்கொண்டுதான் நிற்பாள். இதில் நிமிர்ந்து நின்று காய் நறுக்கினாள். நறுக்கிக்கொண்டே, “இவ்ளோ ஒசரம் எதுக்குங்க? குடிவர்றவங்க குட்டையா இருந்தா ஸ்டூல் போட்டுக்கிட்டா சமைப்பாங்க?” என்று கேட்டாள். “ம்” என்றான். அது எந்த ‘ம்’ என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

அவனுக்கு முட்டி வலி இருந்தது எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். குந்தியிருந்து எழுந்திருக்கும்போது சுவரைப் பிடிப்பான். தைலம் தேய்த்துக்கொள்வான். தரை போடுகிற எல்லோருக்கும் உள்ளதுதானே என்று விட்டுவிட்டோம்.

இதற்குள் அண்ணி அடுத்த ஏலத்தில் ஒரு வீட்டைப் பிடித்துவிட்டாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால்தான் யாரும் போட்டிக்கு வரவில்லை, அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது என்று முகமெல்லாம் பல்லாக வந்து சொன்னாள். முன்பணமும் கட்டியாயிற்று. நாங்கள் இருந்த இந்த ஏழாவது வீட்டுக்கு ஒரு பள்ளிக்கூட டீச்சர் குடும்பம் வருவதாகப் பேசி முடித்து அட்வான்சும் வாங்கியாயிற்று. டீச்சர் கொடுக்கப்போகிற வாடகைதான் அந்த மாடி வீட்டுக்குத் தவணை.

“குளியலறைத் தரை ஒண்ணுதான் பாக்கி. அது முடிஞ்சதும் கிளம்பிடலாம்” என்றாள் அண்ணி. அண்ணன் “ம்” என்று சொல்லிவிட்டுப் பின்வாசலுக்குப் போனான்.

குளியலறைத் தரையில் எல்லாம் வாட்டம்தான் முக்கியம். வாட்டம் என்றால் சரிவு. தரை மட்டமாக இருப்பதுபோல் தெரிய வேண்டும், ஆனால் ஊற்றின தண்ணீர் தானாக ஓடி மூலையில் இருக்கிற வடிகால் வாயில் விழ வேண்டும். சிமெண்ட் காய்ந்ததும் அண்ணி ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து நடுவில் ஊற்றுவாள். எல்லா வீட்டிலும் அதுதான் கடைசிப் பரீட்சை. எல்லா வீட்டிலும் தண்ணீர் நேராக வடிகாலுக்குப் போகும். அண்ணி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மூட்டை கட்டப் போய்விடுவாள்.

அன்றைக்கு ஊற்றினாள். தண்ணீர் ஒரு கணம் நின்றது. பிறகு நிதானமாகத் திரும்பி, வாசற்படிப் பக்கமாக ஓடி வந்து அண்ணியின் பாதத்தை நனைத்தது.

அண்ணி தண்ணீரைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். “என்னங்க இது?”

“எப்படிப் போச்சுன்னு தெரியலையே” என்றான் அண்ணன்.

யானைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் இவன் ரசமட்டமாயிற்றே! எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணிக்கு வரவில்லை. தரையைப் பற்றி ஒரு வார்த்தையும் திட்டவில்லை, அதிலிருந்தே அவள் எவ்வளவு பயந்துபோனாள் என்று எனக்குத் தெரிந்தது. அடுப்படியில் என்னை இழுத்துவைத்துக் கிசுகிசுத்தாள்.

“உங்கண்ணனுக்குக் கண்ணு போச்சோ? இல்ல, தலையில ஏதாவது ஆயிடுச்சோ? எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இப்படித்தான், சின்னச் சின்னதா தப்பு வந்துச்சு, அப்புறம் பொண்டாட்டியையே யாருன்னு கேட்டாரு.”

“நீங்க ஒண்ணு, அண்ணி. உங்களை மறக்கணும்னு நெனச்சாலும் முடியுமா?”

மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம். டாக்டர் கண்ணைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். அண்ணன் கிழமையைச் சொல்லிவிட்டு, செருப்பு முனையால் தரையைத் தட்டி, “இந்த மூலையில டைல்ஸ் தூக்கிட்டிருக்கு டாக்டர், அடியில காத்து நிக்குது. யாராவது தடுக்கி விழறதுக்குள்ள மாத்திடுங்க” என்றான். டாக்டர் சிரித்துவிட்டு, மூளையும் கண்ணும் கல்லு மாதிரி இருக்கின்றன என்றார். அப்புறம் அவன் எழுந்தபோது மேஜையைப் பிடித்து எழுந்ததைப் பார்த்துவிட்டு, மறுபடி உட்காரச் சொல்லி முட்டியை அமுக்கினார். அண்ணன் பல்லைக் கடித்தான்.

“இது எத்தனை வருஷமா?”

“கொஞ்ச நாளா.”

முட்டிக்குள் குருத்தெலும்பு தேய்ந்தேபோய்விட்டதாம். இனிமேல் குந்தவே கூடாது, படி ஏறுவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்றார். வெளியே வந்ததும் அண்ணி பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீ கேக்கலையே.”

“வாயைத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?” என்று தெருவென்றும் பார்க்காமல் கத்தினாள். பிறகு வழியெல்லாம் திட்டம் போட்டுக்கொண்டே வந்தாள். இந்தக் குளியலறையை உடைத்துப் போட வேறு ஆளைக் கூப்பிடலாம். அந்த மாடி வீட்டிலும் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் சும்மா மேலே உட்கார்ந்து மேற்பார்வை பாருங்கள், போதும். எல்லாவற்றையும் யோசித்தவள், அந்த மேலே எப்படிப் போவான் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

வேறு ஆளைக் கூப்பிடுகிற பேச்சுக்கு அண்ணன் மசியவில்லை. “நான் போட்ட தரையை இன்னொருத்தன் தொடக் கூடாது. நானே உடைச்சு நானே போடறேன்” என்றான். அண்ணி கெஞ்சினாள், மிரட்டினாள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? கடைசியில் முட்டிக்குக் கட்டிக்கொள்ள இரண்டு மெத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு அவளும் அடங்கிவிட்டாள். அண்ணன் ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்தான். நாங்கள் பக்கத்து அறையில் சாமான் கட்டிக்கொண்டிருந்தோம். அவன் உட்காரும்போதும் எழும்போதும் வருகிற முனகல் சுவர் தாண்டிக் கேட்டது. அண்ணி அதைக் கேட்கச் சகிக்காமல் பாத்திரங்களைச் சத்தமாக அடுக்கினாள்.

தரை காய்ந்த அன்று டீச்சரம்மா ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வந்திருந்தார். வேலை நடக்கிற வீடு, ஷூவைக் கழற்ற வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டாள். நல்ல மனுஷி. வீட்டைச் சுற்றிப் பார்த்து, சுவர் வண்ணம் யார் தேர்வு என்று கேட்டு, நான்தான் என்றதும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த ஒரு குடித்தனக்காரராவது என்னைக் கேட்டாரே என்று எனக்கு உச்சி குளிர்ந்தது.

“நீங்களும் பாருங்க டீச்சர்” என்று அண்ணி வாளியோடு குளியலறைக்குக் கூட்டிப்போனாள். ஊற்றினாள். தண்ணீர் மறுபடியும் வாசற்படிக்கே வந்தது. இந்தத் தடவை நனைந்தது டீச்சரம்மாவின் ஷூ.

டீச்சரம்மா மரியாதைக்காரர். “பரவாயில்லை, பரவாயில்லை. வேலை முடிஞ்சதும் போன் பண்ணுங்க, நாங்க காத்திருக்கோம்” என்று சொல்லிவிட்டு ஈர ஷூவோடு போனார். அண்ணி வாசல்வரை போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினாள். கையைப் பிசைந்துகொண்டு வருவாள் என்று நினைத்தேன். நேராகச் சாமான் பையைக் குடைந்து ரசமட்டக் கட்டையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள்.

தரையில் மண்டியிட்டுக் கட்டையை வைத்தாள். குமிழியைப் பார்த்தாள். ஒரு கல் தள்ளி வைத்தாள், பார்த்தாள். இன்னொரு கல் தள்ளி வைத்தாள். நான் எட்டிப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் குமிழி ஒரே இடத்தில் நின்றது, கோட்டுக்கு அந்தப் பக்கம், மயிரிழை பிசகாமல். தரை முழுக்க ஒரே சீரான வாட்டம், வாசலைப் பார்த்து.

கை தவறிப் போட்ட தரை என்றால் அங்கங்கே பள்ளம் விழும், தண்ணீர் தேங்கும். இதில் ஒரு சொட்டுத் தேங்கவில்லை. அண்ணன் கதவருகில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அண்ணி மண்டியிட்டபடியே திரும்பினாள்.

“வேணும்னே போட்டிருக்கீங்க.”

அண்ணன் வடிகால் வாயைப் பார்த்தான்.

“முதல் தடவையும் வேணும்னுதான்.”

“ம்.”

அப்போது அண்ணிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! “அறிவிருக்கா உங்களுக்கு? ரெண்டு தரைக்கு சிமெண்ட்! ரெண்டு தரைக்கு டைல்ஸ்! கண்ணு போச்சோ, மூளை போச்சோன்னு டாக்டர் முன்னாடி நான் செத்துப் பொழைச்சேன். நீங்க அங்க உக்காந்து அவருக்கு டைல்ஸ் வைத்தியம் சொல்லிட்டிருந்தீங்க! அந்த டீச்சரம்மா என்ன நெனச்சிருப்பாங்க? எதுக்கு இதெல்லாம்? எதுக்கு?”

அண்ணன் தன் முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னான். “இந்த வீடு முடியக் கூடாதுன்னு இருந்துச்சு.”

“என்ன?”

“முடிஞ்சா போகணும். முடியலைன்னா இங்கயே இருக்கலாம் இல்ல?”

அண்ணியின் சத்தம் இந்தத் தடவை சின்னதாகத்தான் வந்தது.

“இங்க இருக்கணும்னு கேட்டிருக்கலாமே. நான் என்ன மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?”

“சொல்லமாட்டே. சரின்னுதான் சொல்லியிருப்பே. அதான் கேக்கலை. அந்த மாடி வீட்டுக்கு நீ எவ்வளவு அலைஞ்சே, எனக்குத் தெரியாதா? கேட்டா என்னால அது போச்சுன்னு ஆயிடும். இதுன்னா யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். தரை சரியாகலை, அவ்வளவுதான். அப்படியே இருந்துட்டே இருக்கலாம்.”

“எத்தனை தடவை உடைச்சு உடைச்சுப் போடுவீங்க?”

“முட்டி இருக்கறவரைக்கும்.”

குந்தாதே என்று டாக்டர் சொல்லியும், இனிமேல் குந்தாமல் இருக்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காக இவன் குந்திக் குந்தி வேலை செய்திருக்கிறான். பக்கத்து அறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு நாங்கள் கேட்ட முனகல் எல்லாம் அதற்காகத்தான். பைத்தியக்காரன் என்று திட்டத் தோன்றியது. கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

அண்ணி கட்டையைக் கீழே வைத்தாள். “நான் யாருக்காகங்க இவ்வளவும் பண்ணேன்? வயசான காலத்துல நாம ரெண்டு பேரும் நிம்மதியா உக்காரணும்னுதானே?”

“வந்துடுச்சேம்மா” என்றான் அண்ணன், “அந்தக் காலம்.”

அவன் குறையாகச் சொல்லவில்லை. மழை வந்துவிட்டது, துணியை எடு என்பதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னான். அண்ணி ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் தலையில் வகிட்டின் இரண்டு பக்கமும் நரைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். சிமெண்ட் தூசி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள் போல.

பிறகு அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புறங்கையால் முகத்தைத் துடைத்தாள்.

“அந்த மாடி வீட்டை நான் விடமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.”

“ம்.”

“பஸ்ல போயிட்டு வரேன். நானும் உங்க தங்கச்சியும் பாத்துக்கறோம். இங்க வாடகை வராததால கொஞ்ச நாள் கையைக் கடிக்கும். கடிக்கட்டும். டைல்ஸுக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன்.”

என்னைக் கேட்காமலே என்னையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள் பாருங்கள். அதுதான் அண்ணி.

“வேற ஆளா?” அண்ணனுக்கு உள்ளூர ரோஷம் வந்துவிட்டது. “எவனாவது வாட்டத்தைக் கெடுத்துவெச்சுடுவான்.”

“உங்களை விடவா?” என்று கேட்டாள் அண்ணி.

நான் சிரித்துவிட்டேன். அண்ணனும் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை, இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். எண்ணைத் தட்டி, கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

“டீச்சர், நான்தான் பேசறேன். வீட்டுக்கு வந்து சேந்துட்டீங்களா? ஷூ காஞ்சுதா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. என்ன, தரை எப்போ ரெடியாகும்?”

“இல்லை டீச்சர். தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்த வீட்டை உங்களுக்குத் தர முடியலை. அட்வான்சை நாளைக்கே கொண்டுவந்து குடுத்துடறேன். உங்க ஸ்கூல் பக்கத்துலயே எங்களோட இன்னொண்ணு அடுத்த மாசம் காலியாகுது, வாடகை குறைச்சே போட்டுத் தரேன். அதுவரைக்கும் உங்களுக்கு அலைச்சல்தான். தப்பு என்னோடதுதான்.”

டீச்சரம்மாவின் குரல் வருத்தமாகக் கேட்டது. “எங்களுக்குன்னு சொல்லியிருந்தீங்களே. வேற யாருக்காவது குடுத்துட்டீங்களா?”

“ஆமாங்க, குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

“எம் புருஷனுக்கு” என்றாள் அண்ணி.

அண்ணன் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தான். முட்டி ஒத்துழைக்கவில்லை. டீச்சரம்மா இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, அவன் பக்கமாக ஒரு கையை நீட்டினாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.